ரேச்சல் கார்சனின் கடல்

பூச்சிக்கொல்லிகளின் தீமையை எடுத்துரைத்த 'மௌன வசந்தம்' என்ற நூலின் ஆசிரியராகவே ரேச்சல் கார்சனை நம்மில் பெரும்பாலோர் அறிவோம். 1962-இல் வெளியான அந்த நூல் அவருடைய நான்காவது நூல். அதற்கு முந்தைய மூன்றும் கடலைப் பற்றியவை. ஐம்பத்தாறு ஆண்டுகளே வாழ்ந்த அவர், அதில் கால் நூற்றாண்டுக்கும் மேலான காலத்தை அட்லான்டிக் பெருங்கடலின் உயிரினங்களையும் அவை வாழும் இடங்களையும் அறிவதற்கே செலவிட்டார். பொருளியல் ஆசிரியனாகிய நான் அந்த மூன்று நூல்களையும் பணி ஓய்வை நெருங்கிய காலத்தில்தான் படித்தேன். அதற்கு முன்பே படித்திருக்க வேண்டும் என்று நான் வருந்துவதற்கு ஒரு காரணம் உண்டு.

கடலோர மாவட்டம் ஒன்றில் உள்ள கல்லூரியில் முதுகலை மாணவர்களுக்கு இயற்கை வளப் பொருளியல் நடத்திக்கொண்டிருந்தேன். மீன்வளத்தைப் பற்றிய பாடத்துக்கு இரண்டு அடிப்படைகள் உண்டு. ஒன்று, கனடாவின் பொருளியல் அறிஞர் ஸ்காட் கார்டன் 1954-இல் எழுதிய கட்டுரை. மற்றொன்று, அதே ஆண்டில் மீன்வள அறிவியலர் மில்னர் ஷேஃபர் வெளியிட்ட சமன்பாடு. மீனின் இருப்பு, அதன் இயல்பான வளர்ச்சி வீதம், படகுகளின் முயற்சி, செலவு, வரவு ஆகியவற்றைக் கொண்டு, யாருக்கும் சொந்தமில்லாத கடலில் மீன் ஏன் அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்பதை அழகாக விளக்கிவிடலாம். அந்தச் சமன்பாட்டில் கடலின் தாங்குதிறனைக் குறிக்க ஓர் எழுத்து வரும். அதை மாறிலி என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது வழக்கம்.

மீனவக் குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் ஒருநாள் எழுந்து, ஐயா, இந்தப் படத்தில் பார் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கடலுக்கடியில் மீன் கூடும் பாறைத் தளத்தை எங்கள் பகுதி மீனவர்கள் பார் என்பார்கள். இழுவை மடி உரசி உரசிப் பார் தேய்ந்துபோன இடத்தில், பிறகு எத்தனை ஆண்டுகள் வலை போடாமல் விட்டாலும் பழையபடி மீன் வருவதில்லை என்று தம் தந்தை சொல்வதாகவும், அப்படியானால் அந்த எழுத்து எப்படி மாறிலியாக இருக்கும் என்றும் அவர் கேட்டார். தேர்வுக்கு அதை மாறிலி என்றே வைத்துக்கொள்ளும்படி சொல்லி அவரை உட்காரவைத்தேன். வகுப்பு சிரித்தது. அவர் பிறகு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கேள்விக்குரிய விடை, கார்டனின் கட்டுரை வெளியான மறு ஆண்டிலேயே ஒரு நூலாக வந்திருந்தது என்பதை ரேச்சல் கார்சனைப் படித்தபோதுதான் அறிந்தேன்.

அவர் பிறந்தது கடலிலிருந்து வெகு தொலைவில். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி ஆற்றங்கரையில் உள்ள ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் 1907 மே 27 அன்று மூன்றாவது குழந்தையாகப் பிறந்தார். வசதியான குடும்பம் அன்று. திருமணத்துக்கு முன் பள்ளி ஆசிரியையாக இருந்த தாய் மரியா, மகளைத் தோப்புக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் சென்று பறவையையும் பூச்சியையும் பெயர் சொல்லி அடையாளம் காணக் கற்பித்தார். பதினோரு வயதில் சிறுமியின் கதை ஒரு சிறுவர் இதழில் வெளிவந்தது. எழுத்தாளராக வேண்டும் என்று 1925-இல் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர், மேரி ஸ்கிங்கர் என்ற ஆசிரியையின் வகுப்பில் கவரப்பட்டு உயிரியலுக்கு மாறினார். ஒரு நல்ல ஆசிரியர் ஒரு மாணவரின் போக்கையே மாற்றிவிட முடியும் என்பதற்கான சான்றுகளில் இது ஒன்று. என்னைப் போன்றவர்கள் அதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் படிக்க வேண்டியிருக்கிறது.

1929 கோடையில், மாசசூசெட்ஸ் கடற்கரையில் உள்ள உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்காகச் சென்றபோதுதான் அவர் முதன்முதலாகக் கடலைக் கண்டார். அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கெளுத்தி மீன் கருவின் சிறுநீரக வளர்ச்சியைப் பற்றி ஆய்வு செய்து 1932-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். முனைவர் பட்டத்துக்குத் தொடர்ந்து படிக்கப் பணம் இல்லை. பெருமந்தக் காலம் அது. 1935-இல் தந்தை இறந்தார். 1937-இல் மூத்த சகோதரியும் இறக்க, தாயோடு அக்காளின் இரண்டு பெண்களையும் காப்பாற்றும் பொறுப்பு அவர்மீது விழுந்தது.

வேலை தேடிய அவருக்கு அமெரிக்க அரசின் மீன்வளத் துறையில் எல்மர் ஹிக்கின்ஸ் என்ற அலுவலர் ஒரு சிறு பணி தந்தார். கடல் உயிர்களைப் பற்றி வானொலிக்கு ஏழு நிமிட உரைகள் எழுத வேண்டும். மொத்தம் ஐம்பத்திரண்டு உரைகள். அந்தப் பணியைச் சிறப்பாக முடித்ததும், துறையின் வெளியீடு ஒன்றுக்கு முன்னுரை எழுதச் சொன்னார் ஹிக்கின்ஸ். கார்சன் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, அரசு வெளியீட்டுக்கு இது உதவாது, நல்ல இலக்கிய இதழுக்கு அனுப்புங்கள் என்று திருப்பிக் கொடுத்தார். அந்தக் கட்டுரை 1937-இல் 'அட்லான்டிக் மன்த்லி' இதழில் வெளிவந்தது. இதற்கிடையே 1936-இல் தேர்வெழுதி அதே துறையில் இளநிலை நீர்வாழ் உயிரியலராக நிரந்தரப் பணியில் சேர்ந்திருந்தார். தம்மிடம் வந்த கோப்பு நன்றாக இருக்கிறது என்பதற்காகவே அதைத் திருப்பி அனுப்பிய அரசு அலுவலரை வரலாற்றில் வேறு எங்கும் நான் சந்தித்ததில்லை.

அந்தக் கட்டுரையிலிருந்து வளர்ந்ததுதான் 1941-இல் வந்த முதல் நூலான 'கடற்காற்றின் கீழே'. அதில் மூன்று பகுதிகள். கரையோரப் பறவைகள் ஒன்றில், ஒரு கானாங்கெளுத்தி மற்றொன்றில், மூன்றாவதில் ஒரு விலாங்கு. விலாங்கின் பகுதியை நான் இரண்டு முறை படித்தேன். உள்நாட்டுக் குளம் ஒன்றில் பல ஆண்டுகள் வளர்ந்த பெண் விலாங்கு, இலையுதிர் காலத்து மழைவெள்ளத்தோடு ஓடையில் இறங்கி, ஆற்றைக் கடந்து, விரிகுடாவில் சேர்ந்து, கண்டத் திட்டின் விளிம்பைத் தாண்டி, சர்காசோ கடலின் ஆழத்துக்குச் சென்று முட்டையிட்டு மடிகிறது. கண்ணாடித் துண்டுபோல் ஒளி ஊடுருவும் அதன் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து மீண்டும் ஆறுகளில் ஏறுகின்றன. ஓடையில் ஓர் அணை கட்டினாலும் விரிகுடாவில் கழிவு கலந்தாலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள முட்டையிடும் களம் வெறுமையாகும் என்பதை வாசகர் தாமே உணர்ந்துகொள்கிறார். எங்கள் சமன்பாட்டில் இந்த மீனை எந்தக் கட்டத்தில் வைப்பது?

நூல் வெளியான அடுத்த மாதமே பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்டு அமெரிக்கா போரில் இறங்கியது. இரண்டாயிரம் பிரதிகள்கூட விற்கவில்லை. போர்க்காலத்தில் கார்சனின் பேனா வேறு பணிக்குத் திரும்பியது. இறைச்சித் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, அதிகம் அறியப்படாத மீன் வகைகளை மக்கள் வாங்கி உண்ணும்படி பரிந்துரைக்கும் அரசுக் கையேடுகளை அவர் எழுதினார். போருக்குப் பிறகு தேசிய வனவிலங்குக் காப்பிடங்களைப் பற்றி ஒரு கையேட்டு வரிசையைத் தொடங்கினார். அதன் பொருட்டு உவர் சதுப்புகளிலும் கழிமுகங்களிலும் நடந்தார். 1949-இல் துறையின் வெளியீடுகளுக்கெல்லாம் தலைமைப் பதிப்பாசிரியர் ஆனார். அதே ஆண்டில் 'அல்பட்ராஸ் 3' என்ற ஆய்வுக் கப்பலில் ஜார்ஜஸ் திட்டுக்குச் சென்றார். கப்பலில் பெண்ணை ஏற்றுவது வழக்கமில்லை என்று தயங்கியவர்கள், ஒரு பெண்ணாக இல்லாமல் இரு பெண்களாகப் போனால் சரி என்று ஒப்புக்கொண்டதால், தம் இலக்கிய முகவர் மேரி ரோடெல்லைத் துணைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. ஆழ்கடலின் அடித்தளத்திலிருந்து இழுவை வலை வாரிக்கொண்டு வந்தவற்றை அந்தக் கப்பலின் தளத்தில் நின்று அவர் நேரில் கண்டார்.

1951-இல் வந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டு சென்றது. 'நியூ யார்க்கர்' இதழ் அதன் பகுதிகளைத் தொடராக வெளியிட்டது. நியூ யார்க் டைம்ஸின் விற்பனைப் பட்டியலில் நூல் 86 வாரங்கள் இருந்தது. தேசிய நூல் விருதும் கிடைத்தது. இப்படிப்பட்ட அறிவியல் நூலை எழுதியவர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று நம்பிக் கடிதம் எழுதிய வாசகர்களும் உண்டு. நூலின் வருவாய் வரத் தொடங்கியதும், அடுத்த நூலுக்காக ஓர் அறக்கட்டளை தந்திருந்த நல்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1952-இல் அரசுப் பணியிலிருந்து விலகினார். மெய்ன் மாநிலத்தின் சௌத்போர்ட் தீவில், ஷீப்ஸ்காட் ஆறு கடலோடு கலக்கும் இடத்தருகே ஒரு சிறிய கோடை இல்லம் கட்டிக்கொண்டார்.

அவரது மூன்றாவது நூலான 'கடலின் விளிம்பு' 1955-இல் வந்தது. மற்ற இரண்டைப் போல அதைப் பலரும் பேசுவதில்லை. எனக்கு அதுவே முதன்மையானது.

அந்த நூல் உருவான கதை சுவையானது. பதிப்பகம் ஒன்றின் பெண் ஆசிரியர், மாசசூசெட்ஸின் காட் முனையில் நண்பர்களுக்கு விருந்தளித்தார். எழுதப்படிக்கத் தெரிந்த, நல்லெண்ணம் படைத்த அந்த நண்பர்கள் கடற்கரையில் உலாவச் சென்றபோது குதிரைலாட நண்டுகள் கூட்டமாகக் கரையேறிக் கிடப்பதைக் கண்டார்கள். முந்தைய நாள் புயல் அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு, ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடலில் விட்டார்கள். அவையோ முட்டையிடுவதற்காக மணலைத் தேடித் தாமாகவே வந்தவை. கரையைப் பற்றி இவ்வளவு அறியாமை நிலவுகிறதே, ஒரு கையேடு வேண்டும் என்று பதிப்பகம் கார்சனை நாடியது.

ஒவ்வோர் உயிருக்கும் ஒரு குறிப்பு எழுதி அகராதிபோல் அடுக்குவதுதான் முதலில் இட்ட திட்டம். எழுத எழுத அது அவருக்குச் சரிவரவில்லை. தனித்தனியே எழுதிய குறிப்புகள் உயிரற்றுக் கிடந்தன. மிகுந்த அலைக்கழிப்புக்குப் பிறகே, தாம் தவறான நூலை எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்ந்தார். உயிரினத்தின் பெயரை ஒட்டி நூலைப் பிரிப்பதை விட்டுவிட்டு, இடத்தை ஒட்டிப் பிரித்தார். பாறைக் கரை, மணற் கரை, பவளமும் அலையாத்தியும் நிறைந்த கரை. வட அட்லான்டிக்கின் அமெரிக்கக் கரை முழுவதும் இந்த மூன்றனுள் அடங்கிவிட்டது.

பாறைக் கரையில் அவர் காட்டுவது அலை ஏறி இறங்கும் சில அடி உயரத்துக்குள் இருக்கும் ஓர் அடுக்குமாடி. மூன்று இனக் கரை நத்தைகள் ஒரே பாறையில் வாழ்கின்றன. ஒன்று கடற்பாசியின் ஈரத்தை விட்டு அகலாது. மற்றொன்று சிறிது நேரம் வெயிலைத் தாங்கும். மூன்றாவது, பெரும் அலைகள் மட்டுமே நனைக்கும் உச்சியில் ஒட்டிக்கொண்டு, முட்டையை நீரில் விடாமல் உடலுக்குள்ளேயே பொரித்துக் குஞ்சுகளை ஈன்று, நிலத்தை நோக்கிப் பாதி தூரம் வந்துவிட்டது. அவற்றுக்கிடையே கொட்டலசுகள் வெள்ளைப் பட்டையாகப் படிந்திருக்கும். கீழே மட்டிகளும், அதனினும் கீழே பெரும் பாசிகளின் காடும். அந்தப் பாசி பாறையைப் பற்றிக்கொள்ளும் வேர் போன்ற பிடிப்பின் இடுக்குகளில் புழுக்களும் நட்சத்திர மீன்களும் குடியிருக்கும். மணற் கரையில் வெளிப்பார்வைக்கு எதுவும் இல்லை. எல்லாம் மணலுக்குள் இருக்கின்றன. அலை பின்வாங்கும் நொடியில் உணர்கொம்பை நீட்டி உணவை வடித்துக்கொள்ளும் சிறு நண்டுகள் அலையோடு மேலும் கீழும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். தெற்கே புளோரிடாவின் தீவுகளில், பவளம் என்ற சிற்றுயிர் தானே தளத்தைக் கட்டுகிறது. அலையாத்தி தன் வேர்களால் சேற்றைப் பிடித்துக் கரையையே உருவாக்குகிறது.

நீர் வெப்பமடைந்தால் என்ன நேரும் என்பதையும் அவர் அதில் எழுதியிருக்கிறார். முன்பு காட் முனைக்கு வடக்கே அறியப்படாத பச்சை நண்டு, குளிர் குறையக் குறைய வடக்கே நகர்ந்து மெய்ன் மாநிலத்து மட்டி சேகரிப்போர் அனைவருக்கும் தெரிந்த எதிரியாகிவிட்டதை அவர் பதிவு செய்தார். மெய்ன் வளைகுடா உலகிலேயே மிக விரைவாக வெப்பமடையும் கடற்பகுதிகளில் ஒன்று என்று இன்று ஆய்வாளர்கள் சொல்லும்போது, அந்த நண்டின் நினைவு எனக்கு வருகிறது.

கார்சனோடு கரைகளில் நடந்து படம் வரைந்தவர் துறையின் ஓவியர் பாப் ஹைன்ஸ். குளிர்ந்த நீர்க்குட்டையில் கார்சன் நெடுநேரம் அசையாமல் நின்று, கால் மரத்துப்போய், ஹைன்ஸ் அவரைத் தூக்கிக்கொண்டு கரையேறிய நாள்களும் உண்டு. வீட்டுக்கு வாளியில் எடுத்துச் சென்ற உயிர்களை நுண்ணோக்கியில் பார்த்து முடித்ததும், இரவானாலும் கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய், எடுத்த இடத்திலேயே அவற்றை விட்டுவிட்டு வருவார். வேறு குட்டையில் விடுவதை அவர் ஏற்கவில்லை.

எங்கள் துறை இந்த இடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. புளோரிடாவின் நீல நண்டுப் பிடிப்பைக் கொண்டு அங்குள்ள உவர் சதுப்பின் பொருளாதார மதிப்பைக் கணிக்க முயன்ற ஆய்வு 1981-இல்தான் வந்தது. மீனுக்கு இன்றியமையாத வாழிடத்தை இனங்கண்டு மீன்வளத் திட்டங்களில் விவரிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் 1996-இல்தான் கட்டளையிட்டது. 'கடலின் விளிம்பு' வெளிவந்து அதற்குள் நாற்பத்தோர் ஆண்டுகள் கடந்திருந்தன. ஜார்ஜஸ் திட்டின் பெரும் பகுதிகளில் காட் மீனுக்காக இழுவை வலைகள் தடைசெய்யப்பட்டதும் அந்த ஆண்டுகளில்தான். மீன் தீர்ந்த பிறகு மீனின் இருப்பிடத்தைப் பற்றிச் சட்டம் இயற்றினார்கள்.

கார்சனின் எழுத்து அரசியலிலிருந்து விலகி நின்றது என்று எண்ணிவிடக் கூடாது. 1953-இல் புதிய அரசு அமைந்ததும், மீன் மற்றும் வனவிலங்குத் துறையின் தலைவர் ஆல்பர்ட் டே நீக்கப்பட்டார். அதைக் கண்டித்து கார்சன் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். மண், நீர், காடு, உயிரினம் ஆகியவையே நாட்டின் உண்மையான செல்வம் என்பதும், அவற்றின் நிர்வாகம் அரசியல் ஆதாயத்துக்குரிய பதவியாகிவிடக் கூடாது என்பதும் அதன் சாரம். பொருளியல் பாடநூலின் முதல் அத்தியாயத்தில் இருக்க வேண்டிய கருத்து அது.

ஆனால் கடலைப் பற்றி அவருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. மனிதன் மரத்தை வெட்டலாம், ஆற்றைத் தடுக்கலாம், கடலை ஒன்றும் செய்துவிட முடியாது என்று நெடுநாள் நம்பியிருந்தார். அணுகுண்டுக் காலம் அந்த நம்பிக்கையைக் குலைத்தது என்பதை 1958-இல் தம் நெருங்கிய தோழி டோரதி ஃப்ரீமனுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். 1961-இல் 'நம்மைச் சூழ்ந்த கடல்' நூலின் மறுபதிப்புக்கு ஒரு புதிய முன்னுரை சேர்த்தார். அணுக் கழிவுகளைப் பீப்பாய்களில் அடைத்துக் கடலில் எறிவதை அதில் சாடினார். ஆழ்கடல் அசைவற்ற குழி அன்று. கீழிருந்து மேலே நீர் எழுகிறது. மிதவை உயிர்கள் இரவில் மேலேறிப் பகலில் கீழிறங்கி நஞ்சைச் சுமந்து செல்லும். விளைவை அறிந்துகொள்வதற்கு முன்பே கொட்டித் தீர்க்கிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அணுக் கழிவைக் கடலில் கொட்டுவதை உலக நாடுகள் முற்றாகத் தடைசெய்ய 1993 வரை ஆயிற்று. தாம் எழுதியது தவறு என்று தோன்றியபோது, அதே நூலின் முன்பக்கத்தில் அதைத் திருத்தத் துணிந்தவர் அவர். நான் அந்த மாணவரிடம் செய்திருக்க வேண்டியதும் அதுவே.

'மௌன வசந்தம்' பறவைகளின் நூல் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதில் ஆறுகளுக்கும் கழிமுகங்களுக்கும் ஓர் அத்தியாயமே இருக்கிறது. புளோரிடாவில் இந்தியன் ஆற்றை ஒட்டிய ஏறத்தாழ 2,000 ஏக்கர் உவர் சதுப்பில், மணல் ஈக்களின் புழுக்களை ஒழிக்க 1955-இல் டீல்ட்ரின் என்ற நஞ்சு தூவப்பட்டது. ஏறத்தாழ 11,75,000 மீன்கள் மடிந்தன. முப்பது இனங்களுக்குக் குறையாதவை. சேற்றில் வளை தோண்டும் நண்டுகள் ஏறத்தாழ அடியோடு அழிந்தன. வளைகுடாக்களும் சதுப்புகளும் கடல் மீன்கள் பலவற்றின் குஞ்சுகள் வளரும் இடம் என்பதை அங்கே கார்சன் விளக்கினார். ஆக, அந்த நான்காவது நூலும் மூன்றாவது நூலின் தொடர்ச்சிதான்.

அதை எழுதிய ஆண்டுகளில் அவருக்கு ஓய்வே இல்லை. 1957-இல் அக்காளின் மகள் இறக்க, அவருடைய ஐந்து வயது மகனைத் தத்தெடுத்து வளர்த்தார். 1958-இல் தாய் மறைந்தார். 1960-இல் மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. வேதிப்பொருள் நிறுவனங்களின் ஏச்சுகளுக்கு நடுவே, தம் நோயைப் பொதுவெளியில் சொல்லாமல் மறைத்தே வைத்திருந்தார். 1964 ஏப்ரல் 14 அன்று இறந்தார்.

அவருடைய அஸ்தியின் ஒரு பாதி தாயின் கல்லறைக்கு அருகில் வைக்கப்பட்டது. மறு பாதியை டோரதி ஃப்ரீமன் ஷீப்ஸ்காட் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிய பாறைக் கரையிலிருந்து கடலில் தூவினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, மெய்ன் கடற்கரையில் உவர் சதுப்புகளையும் கழிமுகங்களையும் காப்பதற்கென ஒரு தேசியக் காப்பிடம் அமைந்தது. பின்னர் அதற்கு ரேச்சல் கார்சன் என்றே பெயரிட்டார்கள். அதை இன்றும் பராமரிப்பது, அவர் பதவி விலகும்வரை பணியாற்றிய அதே மீன் மற்றும் வனவிலங்குத் துறைதான்.